ரெண்டு மில், ஒரு ஃபிளாப்பி

கண்ணால் பார்க்க முடியாத சரக்குக்கு விலை சொல்லிப் பிழைத்தவர்களுக்குத் தெரியும், விலையைச் சொன்ன பிறகு வரும் அமைதி எவ்வளவு நீளமானது என்று.

எண்பதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். அரிசி மில் கணக்குக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதி வைத்திருந்தார்கள். மொத்த விலைக்கு விற்பதா, மாத வாடகைக்கு விடுவதா, கம்ப்யூட்டருக்கு ஒரு லைசென்ஸ் என்று விற்பதா என்று முதலாளிக்கே தீர்மானமில்லை. "உத்திரமேரூர் பக்கம் போய் எது எடுபடுதுன்னு பாரு. பொங்கலுக்குள்ள ஒரு மில்லுக்காவது வித்தாகணும். இல்லேன்னா வேற வேலை தேடிக்கோ" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவன் நான். பையனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று எங்கள் ஊர் தென்னேரி முழுக்க அப்பா ஏற்கனவே சொல்லியாகிவிட்டது.

மொத்த விலை

இது நான் பார்த்ததல்ல. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் சொன்னது. மாகறலில் ஒரு மில்காரரிடம் ப்ரோக்ராம் பதிந்த ஃபிளாப்பியைக் காட்டி மொத்த விலை சொல்லியிருக்கிறார். மில்காரர் மறுவாரம் வரச் சொல்லிவிட்டு, அதற்குள் காஞ்சிபுரத்துக்கு ஆளனுப்பி, கடையில் புது ஃபிளாப்பி என்ன விலை என்று விசாரித்து வைத்துக்கொண்டாராம். மறுவாரம் போனவரிடம் சொன்னது: "புச்சு இன்னா வெலைன்னு கேட்டுக்கினு வந்தாச்சு. உன்னுது ஏற்கனவே எழுதினது. பாதி வெல தான் நைனா போடணும்."

மாத வாடகை

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மில்லில் நான் வாடகை என்று ஆரம்பித்தேன். மாதாமாதம் கொஞ்சம் கொடுத்தால் போதும், கோளாறு வந்தால் நாங்களே வந்து சரிசெய்வோம் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். மில்காரர் டீ வரவழைத்தார். வாடகையை விட்டுவிட்டு என் ஊர், அப்பா, வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வேலை நிரந்தரமா என்றும் கேட்டார். கேட்டபிறகு மறைக்க மனம் வரவில்லை; இல்லை என்றேன்.

"நீ எத்தினி நாள் இருப்பேன்னு உனுக்கே தெரியல. வூட்டுக்காரனே காலி பண்ணிக்கினு போயிட்டா, குடி கீறவன் இன்னா தம்பி பண்றது?"

கம்ப்யூட்டருக்கு ஒன்று

பொங்கல் நெருங்கிவிட்டது. மிஞ்சியது இந்த வழிதான். உத்திரமேரூரில் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருந்தார்கள். ஒரு மில் இரண்டாகி, நெல் காயவைக்கும் களத்தின் நடுவே சுவர் எழும்பியிருந்தது. பேச்சு கிடையாது. அண்ணன் கம்ப்யூட்டர் வாங்கினார் என்பதற்காகவே தம்பியும் வாங்கியிருந்தார். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு லைசென்ஸ் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அண்ணனிடம் போனேன். எங்கள் ஃபிளாப்பி உள்ளே இருந்தால்தான் ப்ரோக்ராம் ஓடும் என்று விளக்கினேன்.

அவர் ஜன்னல் வழியாகக் கிணற்றைக் காட்டினார். அங்கே மட்டும் சுவர் இல்லை. நெல் ஊறவைக்க இரண்டு மில்லுக்கும் அந்த ஒரு கிணறுதான். பாகப் பத்திரத்திலேயே பொது என்று எழுதி, முறை வைத்து இறைக்கிறார்கள். "இதுவும் அப்டித்தான். ஒரு நாள் எனுக்கு, ஒரு நாள் அவனுக்கு. பாதி நான் தரேன், மீதிய அவன்கிட்ட வாங்கிக்கோ" என்றார்.

சுவரைச் சுற்றித் தம்பியிடம் போனேன். கிணறு மாதிரி முறையாம் என்று உள்ளதைச் சொன்னேன்.

"செரி. ஆனா மொத முறை என்னுது."

முதலாளியின் மேசையில்

இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரு லைசென்ஸா என்று முதலாளி முகம் சுருங்கியது. ஒரு நாளில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் என்று ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியிருந்தேன். ஃபிளாப்பி ஒன்றுதான் சார், யாரையும் ஏமாற்றவில்லை என்றேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தப் பக்கத்துல பாகம் பிரியாத மில்லே கிடையாதேப்பா. பொங்கல் கழிச்சு வந்து மத்ததையும் பாரு."

பேசாமலிருந்த அண்ணன் தம்பியை எங்கள் லைசென்ஸ் சேர்த்துவைத்தது என்று அதன் பிறகு அவர் ஒவ்வொரு மில்லிலும் சொல்லி விற்றார். நான் போய்ப் பார்த்தபோது, டிபன் டப்பாவுக்குள் வைத்த ஃபிளாப்பி மட்டும் சுவர் மேல் ஏறி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது, அவர்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.