பூட்ஸுக்குள் சுண்ணாம்பு

அறுபதுகளின் கடைசியில் நான் காரைக்குடியில் தீயணைப்பு வீரனாக இருந்தேன். கோடையில் சாக்கோட்டைப் பக்கத்து முள்காடுகள் பற்றிக்கொள்ளும். அதற்காக மாசியிலேயே எங்களை வெயிலில் ஓடவிடுவார்கள். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தின்ற உடம்பு. முதல் நாளே தொடை கல்லாக இறுகிவிட்டது. மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது.

வெயில் சூடுதானே என்று, எங்கள் வீட்டு வழக்கப்படி சூடு தணியக் கால் பெருவிரல்களில் சுண்ணாம்பைத் தடவி, மேலே பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினேன். வெளியே சொன்னால் சோப்ளாங்கி என்பார்களே!

அன்று ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் பயிற்சி. காயம்பட்டவராக நடிக்க, சக வீரர் காதர் என் தோளில் கிடந்தார். பாதி மைதானத்தில், என் முதுகுப் பக்கம் தொங்கிய அவர் தலை பேசியது.

"மாப்ள, என்னைய எறக்கி விடுங்க. ஒங்க காலு வெடவெடங்குது."

இறக்கியதும் நானும் சரிந்துவிட்டேன். அவர் என் பூட்ஸைக் கழற்றினார். வெள்ளை விரல்களைப் பார்த்தார்.

"சுண்ணாம்பத் தடவிக்கிட்டா ஓடுறீக? ஒண்ணுக்கு என்ன நெறத்துல போகுது?"

சொன்னேன். காயம்பட்டவராக நடிக்க வந்த மனிதர், என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

"இது சூடு இல்லப்பா. ரொம்ப ஓடிச் சதை நைஞ்சு, அதுதான் இப்படிப் போகுது. இன்னைக்கும் ஓடி முடிச்சிருந்தா கிட்னி போயிருக்கும்" என்றார் டாக்டர்.

பின்னாளில் அந்தப் பயிற்சியை நடத்தியது நான். மாசி பிறந்ததும், ஓட்டத்துக்கு முன்னால் எல்லோரையும் பூட்ஸைக் கழற்றச் சொல்வேன். பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதாக நினைப்பார்கள். நான் பெருவிரலைத்தான் பார்ப்பேன்.