வன்னிக் கட்டை

அபுதாபியிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், பாலைவனத்தில் நட்டு வளர்த்த காடு ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தேன். வரிசை வரிசையாக வன்னி மரங்கள். இங்கே காஃப் என்பார்கள். குளிர்காலத்தில் கிளை கழிப்போம். தழை ஒட்டகங்களுக்குப் போகும். கட்டைகள் கேட்பாரற்றுக் குவிந்து கிடக்கும்.

வேலையாட்கள் காட்டோரத்தில் தகர கேபின்களில் தங்கியிருந்தார்கள். ஜனவரியில் அந்தத் தகரத்தைத் தொட முடியாது, அவ்வளவு குளிர். அரியலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், பாதியாக அறுத்த டிரம்மில் கழித்த கட்டைகளைப் போட்டு வாசலில் தீ மூட்டுவார். ட்யூட்டி முடிந்தவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து கை காலைச் சூடாக்கிக்கொண்டுதான் உள்ளே படுக்கப் போவார்கள்.

ஒரு நாள் அதை நிறுத்தினேன்.

"காடு பத்திக்கிச்சுன்னா யார் பதில் சொல்றது? இனிமே கட்டையை யாரும் தொடக் கூடாது."

"உள்ள ஹீட்டர் மாஃபி சார், ஒண்ணுகூட இல்ல. முட்டி ரெண்டும் வெறச்சிப் போவுது" என்றார் அவர்.

"ஆபீசுக்கு எழுதறேன்" என்று சொல்லி டிரம்மைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எழுதவில்லை.

பத்து நாள் கழித்து மாமனார் விசிட் விசாவில் வந்தார். சென்னையைத் தாண்டாத உடம்பு. எங்கள் வீட்டு முற்றத்துக் குளிர் அவருக்குத் தாங்கவில்லை. இரும்புக் கணப்பு ஒன்று வாங்கினேன். விறகுக்கு, எங்கே போவேன், காட்டுக்குத்தான் போனேன்.

குவியலருகே அந்த அரியலூர்க்காரரே நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல், "மாமனாருக்குக் குளிருதாம், கொஞ்சம் கட்டை வேணும்" என்றேன்.

ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியிருக்கலாம். அவரோ குவியல்மேல் ஏறி, நான் எடுத்த கட்டையை வாங்கிக் கீழே போட்டுவிட்டார். "இது பச்ச சார், பொகையும். பெரியவருக்கு இருமல் வந்துரும்." காய்ந்ததாகப் பொறுக்கி, பிளந்து, பழைய சொட்டுநீர்க் குழாயால் கட்டி வண்டியில் வைத்தார். நான் ஜாக்கெட் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் மாமனார் கணப்பருகே காலை நீட்டி உட்கார்ந்தார். "புகையே இல்லையே மாப்பிள்ளை! எங்க கிடைச்சுது?"

"கடையில" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்க அங்கே யாருமில்லை. எனக்குத்தான் அதன்பின் கணப்பருகே உட்கார முடியவில்லை.

மறுநாள் ஹீட்டருக்கு எழுதினேன். டிரம்மைத் திரும்பக் கொண்டுபோய் இறக்கினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது, "கேபினுக்குள்ள மட்டும் தணலைக் கொண்டுபோயிடாதீங்க" என்பதுதான்.

"ரொம்ப தேங்ஸ் சார்" என்றார்.

அடுத்த வருடம் விசா கேன்சலாகி அவர் ஊருக்குக் கிளம்பியபோது ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி ஓட்டினேன். வழியெல்லாம் முட்டி வலியைப் பற்றி, மகள் கட்டும் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அப்போதும் நான் அந்த விறகுப் பேச்சை எடுக்கவில்லை.