அண்ணன் பிரித்த பெட்டி

எங்கள் அண்ணியின் போன் அடித்து நாங்கள் கேட்டதே இல்லை. அது எப்போதும் சைலண்டில்தான் கிடக்கும். பின்னே என்ன, வீட்டுச் சாமான் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை. நாள் முழுக்க யாராவது காதுக்குள் கத்துவார்கள். "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று சொல்லி, சட்டுப்புட்டென்று அழைப்பை முடித்துவிட்டு, அடுத்த கத்தலை எடுக்க வேண்டும். வீட்டில் வாசல் மணி அடித்தால்கூட அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"இனிமே ஃப்ரீலான்ஸ்தான். மெஷினை வாங்கினா கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, எப்படி உபயோகிக்கிறதுன்னு? அதை எழுதித் தரப் போறேன்."

"அதை எவன் படிக்கிறான்?" என்றான் அண்ணன்.

"ஒருத்தரும் படிக்கிறதில்ல. அதனாலதான் எனக்கு அத்தனை போன் வந்துச்சு."

சாப்பிடும்போது அண்ணன் மெதுவாக ஆரம்பித்தான்.

"மாசக் கடைசி வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஒண்ணு முடிஞ்சு ரெண்டாவது வேலையும் வரலைன்னா திரும்பிப் போயிடு. உன் மேனேஜர் அதுவரைக்கும் சீட்டை வெச்சிருக்கேன்னு சொல்றார்."

அண்ணி சரி என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் வேலை வந்தது. மேசைமேல் வைக்கிற தண்ணீர் ஃபில்டர். உட்கார்ந்து எழுதுவாள் என்று நினைத்தால், அத்தனை பாகங்களையும் என் முன்னால் பரப்பி "மாட்டு" என்றாள். எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் மூடியைத் தலைகீழாக வைத்துத் திருகு திருகென்று திருகுகிறேன், வாயைத் திறப்பேனா என்கிறாள். முடிந்த பிறகுதான் கேள்வி. "அந்த மூடியை ஏன் அப்படி வெச்சே? அப்ப மனசுல என்ன ஓடுச்சு?" எனக்கானால் எரிச்சல். அவளுக்கோ கண்ணெல்லாம் மின்னுகிறது.

அடுத்து அண்ணன். அப்புறம் மாடி வீட்டுத் தையல்காரர். தப்பு செய்யச் செய்ய அண்ணிக்குக் கொண்டாட்டம். எனக்கு அதுதான் புரியவில்லை. கேட்டே விட்டேன்.

"அங்கேயும் இதே தப்புகள்தானே அண்ணி? அங்க தலைவலி, இங்க மட்டும் எப்படி இனிக்குது?"

"அங்க ஏன்னு கேக்க முடியாதுடி. நேரமாயிடும்."

எழுதி, மறுபடி எங்களை மாட்ட வைத்து, திருத்தி அனுப்பினாள். சில நாள் கழித்து மேசைமேல் போன் அதிர்ந்தது. ஃபில்டர் கம்பெனி முதலாளி. அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவதைப் பார்த்து நானே எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னம்மா எழுதியிருக்கீங்க? எங்க ஆளுங்க நீங்க சொன்னபடியேதான் மாட்டினாங்க. ஒரு சொட்டு தண்ணி இறங்கல."

"சிரமத்துக்கு..." என்று ஆரம்பித்த அண்ணி நிறுத்தினாள். "பெட்டியைத் திறந்ததும் முதல்ல எதைக் கையில எடுத்தாங்க?"

அவர் கடுகடுவென்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் விடாமல் கேட்டாள். கடைசியில் அவரே, "அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாள் அப்படியேதான் இருக்கு. அதை உரிக்கச் சொல்லி நீங்க எழுதலையே" என்றார்.

"என்ன தாள்?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான்.

பெட்டி வந்த அன்று அண்ணி குளித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குக் கை சும்மா இருக்குமா? "பளபளன்னு ஏதோ இருந்துச்சு. உரிச்சுக் குப்பையில போட்டேன்" என்றான் முணுமுணுப்பாக. அதற்குப் பிறகு நாங்கள் எத்தனை முறை மாட்டி என்ன, அந்தத் தாளை யாருமே பார்க்கவில்லை.

இன்று வீடு இரண்டுபடும் என்று நினைத்தேன். அண்ணி போனைக் கையில் எடுத்து, "எங்க வீட்டுக்காரர் எனக்கு முன்னாடியே பிரிச்சுட்டார் சார். ஆனா தப்பு என்னோடதுதான். மூடின பெட்டியில இருந்து நான் பாக்க ஆரம்பிச்சிருக்கணும்" என்றாள்.

"திருத்தி அனுப்புங்க" என்று மட்டும் சொல்லி அவர் வைத்துவிட்டார். அவள் அன்றே திருத்தி அனுப்பினாள். அதோடு சரி, அங்கிருந்து பேச்சு மூச்சில்லை.

மாசத்தின் கடைசி நாள் காலையில் வீட்டுக்குள் ஏதோ பாட்டுச் சத்தம். யார் போன் என்று நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணி ஓடிவந்து எடுத்தாள். "கீழ வந்துட்டீங்களா? இதோ வரேன்."

பெட்டியோடு ஏறி வந்தாள். அதே கம்பெனி, வேறு மெஷின். அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான்.

"நான் தொடல. மேனேஜருக்கு என்ன சொல்றது?"

"வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லிடலாம்." ஒட்டிய டேப்கூடப் பிரியாத பெட்டியை அவன் முன்னால் வைத்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் அண்ணி. "இப்ப பிரிங்க. நான் பாக்கறேன்."