டீச்சர் வீட்டு நீல டிரம்

அந்த நீல டிரம்மில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சொரசொரப்பு உண்டு. மண்டை ஓட்டுப் படம் போட்ட லேபிள் இருந்த இடம் அது. பழைய பிளேடால் அதைச் சுரண்டி எடுத்தவன் நான்தான்.

அப்போது மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அஸ்தினாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் டீச்சரும், பள்ளிக்கூடம் போகும் அவர் மகளும் இருந்தார்கள். கோடையில் லாரித் தண்ணீர் பிடிக்க டீச்சர் குடமும் பக்கெட்டுமாக அல்லாடுவார். பார்க்கச் சகிக்காமல், முலாம் பூசும் பிரிவில் காலியான டிரம் ஒன்றை, வெளியே கொண்டுபோகக் கூடாதென்ற விதியை மீறி, வேனில் ஏற்றினேன். "இன்னா சார், இத்துலயா தண்ணி புடிக்கப் போறாங்க?" என்றார் டிரைவர். சிரித்து மழுப்பினேன். பெரிய வள்ளல்! முதல் இரண்டு அலசலில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. மூன்றாவது தெளிந்ததும், "சுத்தமாயிடுச்சு டீச்சர்" என்றேன். "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார் தம்பி" என்றார். அன்று முதல் குடிக்க, சமைக்க எல்லாம் அந்த டிரம் தண்ணீர்தான். அவர்கள் குடும்ப ஜெபத்தில் என் பெயரும் சேர்ந்துகொண்டது.

அடுத்த வருடம் கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. நான் சுரண்டிய லேபிளில் இருந்த அதே ரசாயனத்தின் பெயரைப் பலகையில் எழுதி, "இது செல்லுக்குள்ள இருக்கிற மரபணுவையே கெடுக்கும். உடனே ஒண்ணும் தெரியாது. வருஷம் கழிச்சு கேன்சரா வந்து நிக்கும். காலி டிரம்மைக்கூட வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க" என்றார் அதிகாரி. வகுப்பு முடிந்ததும் நேரே டீச்சர் வீட்டுக்குத்தான் போனேன். அவர் அந்த டிரம்மிலிருந்து மொண்டு காபி போட்டுக் கொடுத்தார். சொன்னால் இந்த மனுஷி என்னை என்ன நினைப்பார், கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை என்ன ஆவது என்று யோசித்தேன். காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கோழைப் பயல்.

எட்டு வருடம் கழித்து டீச்சருக்கு வயிற்றில் புற்றுநோய். "உங்க குடும்பத்துல யாருக்காவது இருந்துதா?" என்று டாக்டர் கேட்க, வயிற்று வலியில் செத்துப்போன தன் அப்பாவைப் பற்றி டீச்சர் சொன்னார். அவ்வளவுதான், பரம்பரை வியாதி என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நான் தனியாகப் போய், வேறு யாருக்கோ கேட்பதுபோல, கெமிக்கல் டிரம் தண்ணீரால் இது வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். "வரலாம். ஆனா இன்னாருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார். அதில் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். டீச்சரைக் கல்லறையில் வைக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். வருகிற வரனையெல்லாம் தட்டிக் கழிக்கிறாள். "எங்க ரத்தத்துலயே இருக்கு அங்கிள். எனக்குப் பொறக்கிற குழந்தைக்கும் வரணுமா?" என்கிறாள். போன வாரம் பார்த்தால், அதே டிரம்மில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அதுல புடிக்காதம்மா" என்று கத்திவிட்டேன்.

"ஏன் அங்கிள்?"

இத்தனை வருடமாக நான் பயந்த கேள்வி. சொல்லியிருந்தால், தன் ரத்தத்தின் மேல் அவளுக்கிருந்த பயம் கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

"பழசாயிடுச்சும்மா" என்றேன்.

மறுநாள் புது டிரம் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழையதை என் வீட்டுக்கு உருட்டினேன். "அம்மா சும்மாவா உங்களுக்காக ஜெபம் பண்ணாங்க" என்று அவள் கண் கலங்கினாள். டிரம் உருள உருள, அந்தச் சொரசொரப்பு என் கையில் பட்டுக்கொண்டே வந்தது.