வீடியோ கேம் யாருக்குங்க?

இன்று செம்மேட்டில் ஒரு கடையில் என் பழைய வீடியோ கேமைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். கேசட் போட்டு டிவியில் ஆடுவோமே, அதுதான்.

"பையனுக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தானுங்க."

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். "பொம்பளைங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

சின்ன வயதில் என் அண்ணன்களும் இதையேதான் சொன்னார்கள். நான் வேடிக்கை பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. ஒருநாள் அவர்கள் மிளகு பறிக்கப் போன நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஆடினேன். திரையில் வந்த முதல் பள்ளத்தைத் தாண்டிக் குதித்தபோது நானும் கூடவே துள்ளிவிட்டேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

இதை அப்படியே அந்தச் சிரித்தவரிடம் சொன்னேன். "ரெடியானதும் வாங்க, ஒரு ஆட்டம் போட்டுப் பாக்கலாம்."

"எனக்கு ஆடத் தெரியாதுங்க" என்றார்.

உங்களிடமும் யாராவது "உனக்கு எதுக்கு?" என்று கேட்டால் இங்கே அனுப்பி வையுங்கள். இரண்டு பேர் ஆடும் கேம்தான். எதிரில் ஆள் தேவைப்படுகிறது.