பதிவுத் தபால் துண்டு

எம்பிக்குக் கடிதம் எழுதினால் என்ன ஆகப்போகிறது என்று ஆசிரியர் அறையில் யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதில்லை. பலன் உண்டா இல்லையா என்று சொல்வதற்கு, முதலில் கடிதத்தைத் தபாலில் போட்டிருக்க வேண்டும்.

கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளின் பின்னால் ஒரு மண்மேடு. மழைக்கு மழை சரிந்து, கடைசி வீட்டின் பின்சுவரைப் பிளந்துவிட்டது. அந்த வீட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தார். பிள்ளைகள் படுப்பது அந்தச் சுவரோரம்தான். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் என்னிடம் வந்தார். எம்பிக்கு நல்ல தமிழில் இரண்டு பக்கம் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். டவுனுக்குப் போகும்போது நானே போடுகிறேன் என்றேன்.

போடவில்லை. எங்கள் தோட்டத்தில் எதைக் கேட்பதென்றாலும் தொழிற்சங்கத் தலைவர் வழியாகத்தான் கேட்க வேண்டும். அந்த எம்பியோ வேறு கட்சி. தலைவரைத் தாண்டிப் போனால் துரோகி என்பார்கள். நுவரெலியாவுக்கு நான் கேட்டிருந்த இடமாற்றம் தலைவரின் சிபாரிசில் நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு: இதையெல்லாம் யார் படிக்கிறார்கள், குப்பைக்குத்தானே போகும். பயத்துக்கு அனுபவம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். அக்கா கேட்டபோது, பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று என்று கூசாமல் சொன்னேன்.

இரண்டு மாதம் பார்த்துவிட்டு, ஒருநாள் வேலைக்குப் போகாமல் பஸ் ஏறி எம்பியின் அலுவலகத்துக்கே போய்விட்டார். திரும்பியவர் நனைந்த சேலையோடு நேரே என் வாசலுக்கு வந்தார்.

“ஒங்க கடிதம் வரவே இல்லயாம் சேர். போன மாசம் எழுதுன தோட்டத்துக்கெல்லாம் மண்ணு சரியுறதப் பாக்க ஆளு அனுப்பிட்டாங்களாம். ரெஜிஸ்டர் பண்ணுன துண்டு இருந்தா கொண்டாங்க, தேடிப் பாக்குறோம்னாங்க.”

ரசீதுத் துண்டு தொலைந்துவிட்டது என்றேன். கடிதம் அப்போதும் என் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து ஓரடி தூரம்.

அக்கா இன்னொன்று எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். உறையை ஒட்டிப் போன தடவைபோல என் பைக்குள் வைக்கப் போனேன். அவர் கை முந்திக்கொண்டது.

“நானே போட்டுர்றேன் சேர். ஒங்களுக்கு எதுக்குச் செரமம்.”

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றார். தபால் துண்டை விரித்துக் காட்டினார். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நான் கையை நீட்டினேன். அவர் அதை நாலாக மடித்து, தன் பர்சுக்குள் வைத்து மூடிக்கொண்டு, லயத்துப் பக்கம் நடந்தார்.