உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரம்

பழுது பார்த்த சக்கர நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து, மருத்துவமனையின் நீண்ட நடைக்கூடத்தில் ஒரு நடை போய்வருவார் மெக்கானிக். கண் பாதி மூடியிருக்கும். காது மட்டும் சக்கரத்தோடு போகும். இடது சக்கரம் லேசாக முனகினாலும் வண்டியைப் பட்டறைக்கே திருப்பிவிடுவார்.

"என்ன மாமா, இன்னைக்கு எந்த வார்டுல அட்மிஷன்?" என்று நர்ஸுகள் வம்புக்கு இழுப்பார்கள்.

"எடம் இருந்தா சொல்லும்மா, படுத்துக்கிறேன்."

வயது அறுபத்தெட்டு. ஓய்வூதியம் வீட்டு வாடகைக்கு, சம்பளம் மற்றதற்கெல்லாம். ஒன்று நின்றாலும் குடும்பம் தள்ளாடிவிடும். ஓய்வூதியம் வாங்குபவர் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. மெக்கானிக்கும் படிவத்தில் தவறாமல் இருபது என்றே எழுதிவந்தார். மருத்துவமனைப் பதிவேடோ இருபத்துமூன்று என்றது.

ஓய்வூதிய அலுவலகத்துப் பெண் இரண்டு தாள்களையும் அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"மூணு மணி நேரம் எங்க போச்சு சார்?"

"அது சேரை ஓட்டிப் பாக்குற நேரம்மா."

"அதுவும் வேலைதானே?"

"சும்மா உக்காந்துக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்?"

"நானும் உக்காந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவளுடைய நாற்காலியைக் குனிந்து பார்த்தார். அதற்கும் சக்கரம் இருந்தது. குழப்பம் கூடிப்போயிற்று.

"இந்தத் தடவை எச்சரிக்கையோட விடுறோம். இன்னொரு தடவை தாண்டினா பென்ஷன் நின்னுடும்."

"அப்ப ஓட்டிப் பாக்காமலே குடுத்துடவா?"

"அதை உங்க ஆஸ்பத்திரியிலதான் கேக்கணும்."

ஆஸ்பத்திரியில் மேற்பார்வையாளர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "இருபதுக்குள்ள முடிச்சுக்குங்க. ஆனா ஓட்டிப் பாக்காம ஒரு வண்டியும் வெளிய போகக் கூடாது."

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போதும் மணிக்கணக்குதான். சாப்பாட்டு இடைவேளை எதில் சேரும்? பட்டறைச் சாவியைத் தேடுகிற நேரம்? "பாத்ரூம் போறது வேலையா, ஓய்வா?" என்று மனைவியைக் கேட்டார்.

"தூக்கத்துல ஸ்பேனர் எங்கன்னு கத்துறீங்களே, அதையும் எழுதிக் குடுங்க," என்றாள். பிறகு குரல் இறங்கியது. "எதுவோ ஒண்ணு, இருபது ஆச்சுன்னா எந்திரிச்சு வந்துடுங்க. வாடகை கேட்டு வர்ற வீட்டுக்காரர்கிட்ட இந்தக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டு நிக்க முடியாது."

வியாழன் மதியம் இருபது ஆயிற்று. பட்டறையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். முன்சக்கரம் ஆடியது.

"ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே போகுதுங்க. கொஞ்சம் பாருங்களேன்."

"என் நேரம் முடிஞ்சிருச்சும்மா. திங்கக்கிழமைதான்."

"இப்ப ஸ்கேனுக்குப் போகணுமே."

கிழவர் கைப்பிடிகளை விரல் வெளுக்க இறுகப் பிடித்திருந்தார். மெக்கானிக் நடைக்கூடத்தின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகுதான் மண்டியிட்டார்.